வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பதும் படமெடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாடியிலும் பால்கனியிலும் ஆர்க்கிட் வளர்க்கிறவர்களும், வளர்க்க ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பாதி செடியைப் பற்றி, பாதி படம் எடுப்பதைப் பற்றி. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இரண்டுக்குமே முதலில் பார்க்கப் பழக வேண்டியது வெளிச்சத்தைத்தான். சென்னை என்று சொன்னாலும் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குப் பல பதில்கள் நேர்மாறாக இருக்கும்.

ஆர்க்கிட் குளிர்ப்பிரதேசத்துச் செடி ஆயிற்றே, நம் ஊர் வெயிலில் பிழைக்குமா?

பிழைக்கும், பூக்கவும் பூக்கும். ஆர்க்கிட் என்பது ஒரே ஒரு செடி இல்லை, ஏறக்குறைய 28,000 இனங்கள் அடங்கிய பெரிய குடும்பம். இந்தியாவில் மட்டுமே 1,200க்கு மேல் உண்டு. அதில் குளிர் மலைகளை விட்டு இறங்காதவையும் இருக்கின்றன, நம் சமவெளியில் மாமரத்திலும் புளியமரத்திலும் ஒட்டிக்கொண்டு கத்திரி வெயிலைத் தாண்டி வருகிறவையும் இருக்கின்றன. வண்டா டெசலேட்டா அப்படிப்பட்ட ஒன்று. மஞ்சளும் பழுப்பும் கலந்து கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா லிப் (மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்டு உதடு மாதிரி இருக்கும் இதழ்), பக்கத்தில் போனால் நல்ல மணம். யாரும் தண்ணீர் ஊற்றாமலே அது தமிழ்நாட்டில் வாழ்கிறது.

அதனால் ‘ஆர்க்கிட் வளருமா’ என்று கேட்காமல் ‘எந்த ஆர்க்கிட் என் வீட்டு வெப்பத்துக்கு ஒத்துப்போகும்’ என்று கேளுங்கள். படத்தில் பார்த்து மயங்கிச் செடி வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் காசு கரைகிற முதல் வழி. சிம்பிடியம், மில்டோனியாப்சிஸ், மஸ்டிவாலியா எல்லாம் படத்தில் கண்ணைப் பறிக்கும். சமவெளியில் அவற்றை வாங்கவே வாங்காதீர்கள். சிம்பிடியத்துக்குப் பூக்க இரவில் 10, 15 டிகிரி வரை குளிர் வேண்டும், நாம் எங்கே போவது?

அப்படியென்றால் முதல் செடியாக எதை வாங்குவது?

டென்ட்ரோபியம் கலப்பினம். கல்யாண மேடை அலங்காரத்தில் வெள்ளையும் ஊதாவுமாக நீளக் காம்போடு வைக்கிறார்களே, அந்த வகை. ‘சோனியா’ என்கிற ஊதா ரகம் தாய்லாந்திலிருந்து உலகம் முழுக்கப் போகிறது. 30 டிகிரிக்கு மேலான சூட்டைத் தாங்கும், ஒரு கொத்து மலர்ந்தால் ஒரு மாதம் நிற்கும், தண்ணீரில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னித்துவிடும்.

மொட்டை மாடியில் நல்ல வெயில் அடிக்கிறது, நிழல்வலை போட வசதியில்லை என்றால் பாப்பிலியோனான்தி ‘மிஸ் ஜோக்கிம்’ வாங்குங்கள். வண்டா மிஸ் ஜோக்கிம் என்ற பழைய பெயரில்தான் நிறையப் பேருக்குத் தெரியும். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் உருவாகி 1893இல் வெளியுலகுக்குத் தெரிந்த கலப்பினம் அது, 1981இலிருந்து அந்த நாட்டின் தேசிய மலர். பென்சில் தடிமனில் இலை, முழு வெயில் கேட்கும். ஒரு கம்பு நட்டுக் கட்டிவிட வேண்டும், தண்டின் நுனி கம்பைத் தாண்டி மேலே வந்த பிறகுதான் தாராளமாகப் பூக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பை உயர்த்திக்கொண்டே போகிறவர்கள் பூவுக்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதாக நரிவால் ஆர்க்கிட், அதாவது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. அஸ்ஸாமில் இதைக் கோப்பௌ பூ என்பார்கள், பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இதைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காட்டில் வளர்கிறது. கோடையில் பூச்சரம் அப்படியே தொங்கும். ஆனால் வருடத்துக்கு ஒரு முறைதான், இரண்டு மூன்று வாரம்தான். பொறுமை உள்ளவர்களுக்கான செடி.

பூவோடு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பரிசாக வந்தது. பூ கொட்டியதும் தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், தயவுசெய்து போடாதீர்கள். பூ இல்லாத ஃபெலனாப்சிஸ் செத்துப்போன செடி இல்லை, ஓய்வில் இருக்கிற செடி. இலை கெட்டியாக இருந்தால் பல வருடம் இருக்கும்.

மறுபடி பூக்க வைப்பதுதான் நம் ஊரில் சிரமம். ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். எந்நேரமும் 28க்கு மேலேயே இருந்தால் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் அந்தக் குளிர்ச்சி நமக்குக் கிடைப்பது டிசம்பர், ஜனவரி இரவுகளில்தான். அந்த நாட்களில் செடியை வீட்டுக்குள் அடைத்து வைக்காமல், மழை படாத ஜன்னலோரத்திலோ பால்கனியிலோ இரவு முழுக்க வையுங்கள். இலைக்கு அடியிலிருந்து வேர் மாதிரி ஒன்று கிளம்பும், நுனி உருண்டையாக இருந்தால் வேர், கையுறை விரல் மாதிரி ஒருபக்கம் சப்பையாக இருந்தால் பூந்தண்டு. ஏசி அறையில் வைத்துப் பூக்க வைக்கிறவர்களும் உண்டு, ஆனால் ஏசி காற்று நேராகப் படக்கூடாது.

மண்ணில் வைக்கலாமா?

தரையில் வளரும் சில வகைகளைத் தவிர, கூடாது. நாம் வீட்டில் வளர்ப்பவை பெரும்பாலும் மரத்தில் ஒட்டி வளர்கிறவை, அவற்றின் வேருக்குக் காற்று வேண்டும். டென்ட்ரோபியத்துக்குப் பக்கவாட்டிலும் ஓட்டை போட்ட மண்தொட்டி, அதில் அடுப்புக்கரித் துண்டு, ஓட்டாஞ்சில்லு, செங்கல் துண்டு. இவ்வளவுதான். தேங்காய் மட்டையை நறுக்கிப் போடலாம், ஆனால் சில நாட்கள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பையும் சாயத்தையும் வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் மழைக்காலத்துக்கு நல்லதில்லை, ஒன்றிரண்டு வருடத்தில் மக்கியும் போகும். கரி மக்காது. வண்டாவுக்கு எதுவுமே வேண்டாம், கூடையில் வைத்துத் தொங்கவிட்டால் வேர் தானாகக் காற்றில் இறங்கும். பெரிய தொட்டி வாங்கினால் செடி பெரிதாகும் என்று நினைப்பவர்கள் பலர், வேர்கள் கொஞ்சம் நெருக்கியடித்து உட்காரும் அளவே சரியானது.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை?

நாள் கணக்கில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, வேரைப் பாருங்கள். ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலமென் என்ற ஒரு உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், தண்ணீர் பட்டதும் நிமிடத்தில் பச்சை. பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், வெள்ளியானால் ஊற்றுங்கள். ஊற்றினால் தொட்டியின் அடியில் ஓடுகிற வரை ஊற்ற வேண்டும், பிறகு தட்டில் தேங்க விடக்கூடாது. இந்தக் கணக்கில் கூடையில் தொங்கும் வண்டாவுக்கு மே மாதத்தில் காலையும் மாலையும் தேவைப்படும், ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் கூடத் தேவைப்படாது. ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் ஒரே இரவில் அழுகல் ஆரம்பிக்கலாம், அதனால் காலையில் ஊற்றி, குருத்தில் நின்ற தண்ணீரைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது சென்னையில் பெரிய விஷயம். போர் தண்ணீரில் உப்பு அதிகம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பாருங்கள், 200க்குள் இருந்தால் நிம்மதி, 500ஐத் தாண்டினால் வேர் நுனி கருக ஆரம்பிக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டிய நல்ல தண்ணீர் சரி. அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

வெயில் எவ்வளவு வேண்டும்?

இலையின் நிறம் சொல்லும். கரும்பச்சையாக, தொய்வாக, பார்க்க ‘ஆரோக்கியமாக’ இருக்கிறதா? வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை, லேசாக மஞ்சள் கலந்த பச்சை என்றால் சரியான அளவு. விளிம்பில் சிவப்பு ஏறினால் எல்லைக்கு வந்துவிட்டது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு விழுந்தால் வெந்துவிட்டது, அந்தத் திட்டு மறுபடி பச்சையாகாது.

மாடியில் 50 சதவீத நிழல்வலை டென்ட்ரோபியத்துக்கும் வண்டாவுக்கும் போதும். மார்ச் முதல் ஜூன் வரை ஃபெலனாப்சிஸுக்கு இன்னொரு அடுக்கு வேண்டும். பால்கனி என்றால் கிழக்குப் பார்த்தது உத்தமம். மேற்குப் பார்த்த பால்கனியில் சாயங்கால வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்துகொள்ளும். மதிய வெளிச்சத்தில் செடியின் மேல் கையை நீட்டிப் பாருங்கள்: நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தால் வெளிச்சம் கடுமை, விளிம்பு மங்கலாக விழுந்தால் பெரும்பாலான ஆர்க்கிடுக்குச் சரி, நிழலே தெரியவில்லை என்றால் பூவை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் கை நிழல் சோதனையை மறந்துவிடாதீர்கள், படமெடுக்கும்போது மறுபடி வரும்.

உரம்?

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. வேர் நனைந்த பிறகு தெளியுங்கள். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசி விடுங்கள். மண்புழு உரம், சாணம், பஞ்சகவ்யம் எல்லாம் ரோஜாவுக்குக் கொடுங்கள், ஆர்க்கிட் தொட்டியில் அவை ஓட்டையை அடைத்து வேரை மூச்சுத் திணற வைக்கும்.

செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை. ஏன்?

பத்தில் எட்டு பேருக்கு என் பதில்: வெளிச்சம். பூ வருவதற்கென்று விற்கிற பொடிகளைத் தெளிப்பதற்கு முன்னால் செடியை இரண்டடி வெளிச்சத்தின் பக்கம் நகர்த்துங்கள், ஒரே நாளில் இல்லை, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. இன்னொரு காரணம் கத்தரிக்கோல். டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்து மஞ்சளாகிச் சுருங்கின தண்டைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். அதில்தான் செடி தண்ணீரையும் உணவையும் சேமித்து வைத்திருக்கிறது, அந்த மொட்டைத் தண்டிலேயே பூவும் வரலாம். முழுக்கக் காய்ந்து காகிதம் மாதிரி ஆன பிறகு வெட்டினால் போதும். தண்டின் மேல் கணுவில் குட்டிச் செடி முளைத்தால் வேர் இரண்டு அங்குலம் வரும் வரை விட்டு, பிறகு பிரித்து நடலாம். அதைக் கெய்கி என்பார்கள்.

இரவுக் காற்றையும் கவனியுங்கள். வண்டா, டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ் போன்றவை பகலில் இலைத் துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து கரியமிலவாயுவை எடுக்கின்றன. காற்று அசையாத மூலையில், இரவு முழுக்கப் புழுங்குகிற இடத்தில் வைத்தால் வளர்ச்சி நிற்கும்.

மழைக்காலத்தில் இலை கறுத்துப்போகிறது, என்ன செய்ய?

வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய சோதனை, வெயில் கூட இல்லை. அடிப்பகுதி தண்ணீர் கோத்தது மாதிரி கறுத்து, நாளுக்கு நாள் பரவினால் கருப்பு அழுகல். தாமதிக்காமல், நல்ல பகுதியிலிருந்து ஒரு அங்குலம் சேர்த்தே வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் நெருப்பில் காட்டுங்கள். ஆர்க்கிடுகளில் சிம்பிடியம் மொசைக் வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே பெரும்பாலும் இப்படிக் கத்தி வழியாகத்தான், அதற்கு மருந்து கிடையாது. வெட்டின இடத்தில் சமையலறைப் பட்டைத் தூளைத் தடவலாம், வேரில் படாமல். அப்புறம் தொடர்மழை ஒரு வாரம் பெய்யும் என்று தெரிந்தால் செடியைக் கூரைக்கு அடியில் கொண்டுபோங்கள்.

பூச்சி விஷயத்தில், மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, லிட்டருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். நத்தை இரவில் வந்து இளம் வேர் நுனியைத் தின்றுவிட்டுப் போகும், டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் வழி.

மொட்டு மலராமலே உதிர்கிறதே?

இடம் மாற்றியது, வேர் காய்ந்தது, இலைப்பேன் தாக்கியது என்று பல காரணம் உண்டு. பலருக்குத் தெரியாதது ஒன்று: பழுக்கிற பழம். மாம்பழமும் வாழைப்பழமும் பழுக்கும்போது விடுகிற எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும், விரிந்த பூவையும் வாட வைக்கும். பூத்த செடியைச் சாப்பாட்டு மேசையில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் அழகுக்காக வைக்காதீர்கள்.

இனி படத்துக்கு வருவோம். போன் போதுமா, கேமரா வாங்க வேண்டுமா?

போதும். கேமராவுக்குச் செலவழிக்க நினைக்கும் காசில் பாதியைச் செடிக்குச் செலவழியுங்கள்.

ஆனால் போனில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பூ பெரிதாகத் தெரிய வேண்டும் என்று போனைப் பூவின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோகிறோம். அப்போது முன்னால் நீண்டிருக்கிற லிப் மட்டும் பூதாகாரமாகவும், பின்னிதழ்கள் சிறுத்தும் விழும். உங்கள் பூ அப்படி இல்லையே. இரண்டடி பின்னால் நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள், பூவின் உருவம் உள்ளபடி வரும். போர்ட்ரெய்ட் மோடையும் தவிர்ப்பது நல்லது, மென்பொருள் மங்கலாக்கும்போது மெல்லிய காம்பையும் இதழ் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. கேமரா இருப்பவர்களுக்கு 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஆர்க்கிடுக்கென்றே செய்தது போலப் பொருந்தும்.

படத்தில் நிறம் ஏன் தப்பாக வருகிறது?

முதல் குற்றவாளி உங்கள் தலைக்கு மேலே இருக்கிற பச்சை நிழல்வலை. நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், கேமரா செய்யாது. வெள்ளை டென்ட்ரோபியம் நோய் வந்தது போல் பச்சையாகத் தெரியும். செடியை வலைக்கு வெளியே, திறந்த வானத்தின் நிழலில் வைத்து எடுங்கள். முடியாவிட்டால் பூவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாக வரும்படி சரிசெய்தால் பூவும் சரியாகிவிடும். வலை புதிதாக வாங்குகிறவர்கள் கறுப்பு வாங்கலாம், அது நிறம் ஏற்றாது.

இரண்டாவது, அடர் ஊதாவும் மெஜந்தாவும். இந்த நிறங்களில் சிவப்பு நிரம்பி வழிந்து இதழின் நரம்பெல்லாம் அழிந்து ஒரே வண்ணப் பூச்சாக வரும். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைக்கும் பக்கம் விரலை இழுங்கள். கொஞ்சம் இருட்டாக எடுத்துப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், அழிந்த நரம்பை மீட்க முடியாது. வெள்ளைப் பூ திரையை நிறைத்திருந்தால் இதற்கு நேர்மாறு: கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கொஞ்சம் கூட்டுங்கள்.

நீல வண்டா படத்தில் இளஞ்சிவப்பாக வருகிறது என்று புலம்புகிறவர்களுக்கு: உங்கள் மேல் தப்பில்லை. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத கடைக்கோடிச் சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்பும், ஃபிலிம் காலத்திலேயே படக்காரர்களுக்கு இது தலைவலி. பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்துத் திருத்துவது ஒன்றுதான் வழி.

எந்த நேரத்தில் எடுக்கலாம்?

காலை. சூரியன் ஏறுவதற்கு முன்னால் காற்று அடங்கியிருக்கும். மதியம் கடற்காற்று ஆரம்பித்தால் நீண்ட பூந்தண்டு ஆடிக்கொண்டேதான் இருக்கும். வெளிச்சத்துக்கு அதே கை நிழல் சோதனை: நிழல் வெட்டாக விழுந்தால் இதழில் எண்ணெய் வடிகிற மாதிரி திட்டுத் திட்டாக வரும், மங்கலாக விழுந்தால் எடுங்கள். வெயில் ஏறிவிட்டதா, ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு கொடிக்கம்பிக்கு நடுவே கட்டி அதன் நிழலில் வையுங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் இருண்ட பக்கம் மெல்லத் திறக்கும். ஃபிளாஷ் வேண்டாம். ஆர்க்கிட் இதழின் மேல் பொடிப் பொடியாக ஒரு மினுமினுப்பு இருக்கும், பக்கவாட்டு ஒளியில் அது உயிரோடு தெரியும், நேர் ஃபிளாஷ் அதைத் தட்டையாக்கிவிடும்.

பின்னணிக்கு?

கறுப்புத் துணி, பூவுக்கு மூன்றடி பின்னால், வெளிச்சம் படாமல். பளபளக்காத பருத்தியோ வெல்வெட்டோ. கறும் ஊதாப் பூக்களுக்கு மட்டும் சாம்பல் நிறம். துவைத்த துணி காய்கிற கொடியும் தண்ணீர்த் தொட்டியும் பின்னால் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதி படம் தேறிவிடும்.

பூ முழுக்கக் கூர்மையாக வரவில்லை.

குறி வைக்க வேண்டியது பூவின் நடுவில் இருக்கிற சிறு தூணையும் லிப்பின் தொடக்கத்தையும். மனித முகத்தில் கண்ணைப் போல அங்கேதான் பார்ப்பவர் பார்வை போகும். ஃபெலனாப்சிஸ் தட்டையான பூ, கேமராவை அதற்கு இணையாகப் பிடித்தால் லென்ஸின் துளை அளவு எஃப்8 போதும். ஆழமான பூக்களுக்கு எஃப்11, எஃப்16 வரை போகலாம், அதற்கு மேல் போனால் படம் மொத்தமாகவே மென்மையாகிவிடும். முக்காலி வைத்து 2 நொடி டைமர் போடுங்கள். அரிசி அளவுப் பூக்களுக்கு ஒரே படத்தில் முழுக் கூர்மை கிடைக்காது, முன்னாலிருந்து பின்னால் வரை குவியத்தை மாற்றி மாற்றி எடுத்து மென்பொருளில் ஒன்றாக்க வேண்டும்.

படத்துக்காகச் செடியைத் திருப்பலாமா, பூவைத் தொடலாமா?

மலர்ந்த பிறகு தாராளமாகத் திருப்புங்கள். மொட்டு இருக்கும்போது திருப்பவே கூடாது. பெரும்பாலான ஆர்க்கிட் மொட்டுகள் விரிவதற்கு முன் காம்பை முறுக்கிக்கொண்டு 180 டிகிரி திரும்புகின்றன, அப்போதுதான் லிப் கீழே வந்து நிற்கும். அந்த நேரத்தில் தொட்டியை வாரம் ஒரு பக்கம் திருப்பினால் ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு திசை பார்க்கும், எந்தக் கோணத்திலும் நல்ல படம் கிடைக்காது. வரிசையாக ஒரே பக்கம் பார்க்கிற பூங்கொத்தின் படம், மொட்டு விட்ட நாளில் தொட்டிக்கு ஒரு அடையாளம் போட்டு அசையாமல் வைத்தவருக்குத்தான் கிடைக்கும். பூந்தண்டுக்குக் குச்சி கட்டுவதையும் மொட்டு சிறிதாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

விரிந்த அன்றே எடுக்கவும் அவசரப்படாதீர்கள். வண்டா விரிந்த பிறகும் சில நாள் பெரிதாகி நிறம் ஏறும். கேட்லியா என்ற ஆர்க்கிடுக்கு இரண்டு மூன்று நாள் கொடுங்கள். இதற்கு விதிவிலக்கு சிங்கப்பூர், மலேசியாவில் மரங்களில் காணும் புறா ஆர்க்கிட், டென்ட்ரோபியம் குருமினாட்டம். திடீர் மழையில் வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால், ஒன்பதாம் நாள் அந்தப் பகுதியில் இருக்கிற செடி எல்லாம் ஒன்றாகப் பூத்து அன்று சாயங்காலமே வாடிவிடும். அங்கே இருக்கும் நம்மவர்கள் மழை பெய்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் காலையே கேமராவோடு போங்கள்.

பூவின் தூசியைத் தட்ட மென்மையான தூரிகை போதும், ஆனால் நடுத்தூணின் நுனியைத் தொடாதீர்கள். மகரந்தக் கட்டி கழன்றால் பூ தன் வேலை முடிந்தது என்று எத்திலீன் விட்டு வாட ஆரம்பிக்கும். சிம்பிடியத்தில் லிப் சிவந்துபோவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தண்ணீர் தெளித்து எடுத்தால் அழகாக இருக்குமே?

எனக்குப் பிடிக்காது. இதழில் தண்ணீர் நின்றால் பழுப்புப் புள்ளி விழும், ஒரு மாதம் நிற்க வேண்டிய பூ பத்து நாளில் போகும்.

பெயர் தெரியாத செடிக்குப் பெயர் கண்டுபிடிக்க எப்படிப் படம் எடுப்பது?

நேர்முகமாக ஒரு அழகான படம் மட்டும் அனுப்பினால் யாராலும் சொல்ல முடியாது. பூ நேராக, பூ பக்கவாட்டில், பின்பக்கம் வால் மாதிரி நீட்சி இருந்தால் அது தெரியும்படி, லிப் நெருக்கத்தில், இலை, தண்டு, முழுச் செடி. ஒன்றிலாவது பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். கடையில் வாங்கிய கலப்பினம் என்றால் பெரும்பாலும் படத்தை வைத்து ரகப்பெயர் சொல்லவே முடியாது, அதனால் வாங்கும்போதே அட்டையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் நீங்கள் எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் நம் வெயிலில் வெளுத்துவிடும்.

பூ இல்லாத மாதங்களில் எதை எடுப்பது?

வேரை. மழைத்துளி பட்டதும் வெள்ளி வேர் பச்சையாவதை, வேர் நுனியின் ஊதாவை, புது இலை பிரிவதை. மாதம் ஒரு முறை ஒவ்வொரு செடியையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே மாதிரி ஒளியில் எடுத்துவையுங்கள். இலை மெல்ல மெல்லச் சுருங்குவது தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது, நவம்பர் படத்தையும் பிப்ரவரி படத்தையும் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும். செடியைக் காப்பாற்ற இன்னும் நேரமிருக்கும்போதே தெரியும். போனில் இருக்கிற ஆயிரம் பூப் படங்களைவிட இந்தச் சலிப்பான படங்களைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ மரத்தில் பார்த்த ஆர்க்கிடை எடுத்து வந்து வளர்க்கலாமா?

கூடாது. காட்டிலிருந்து பறிப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். ஆர்க்கிட் விதை தூசியளவு, உள்ளே சேமித்த உணவு கிடையாது, காட்டில் அது முளைக்க ஒரு பூஞ்சையின் துணை வேண்டும், முளைத்துப் பூக்கப் பல வருடம் ஆகும். நீங்கள் பிய்த்து எடுக்கிற ஒரு செடிக்குப் பின்னால் அவ்வளவு காலம் இருக்கிறது. பிய்த்த வேர் வீட்டில் பெரும்பாலும் பிடிப்பதும் இல்லை. 1850 வாக்கில் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் மேகாலயாவின் காசி மலையிலிருந்து நீல வண்டாவை லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவுக்கு எடுத்தார், உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று ஆய்வுக்கூடக் குப்பிகளில் வளர்த்த செடிகள் நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கும் முறையைக் காட்டியதிலிருந்து காட்டைச் சுரண்டுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. காட்டு ஆர்க்கிடுகளைப் பார்க்க ஆசையா, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

காட்டில் பார்த்ததைப் படமெடுத்துப் பகிரலாமா?

படமெடுங்கள், கிளையை வளைக்காமல், சுற்றியிருக்கிற பாசியைப் பிய்க்காமல். பகிரும் முன் இரண்டு வேலை. போன் அமைப்பில் போய்ப் படத்தில் பதியும் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், ஏற்கெனவே எடுத்த படம் என்றால் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். எழுதும்போது ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எந்த ஊருக்குப் பிரியும் சாலை, எந்தக் கோயில் பக்கத்து மரம் என்றெல்லாம் எழுத வேண்டாம். அரிய ஆர்க்கிட் இருக்கும் இடம் தெரிந்தால் எடுத்துப் போய் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது தனியாகச் செய்தி அனுப்பி ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்டாலும், நேரில் தெரிந்தவராக இல்லாவிட்டால் சொல்லாதீர்கள்.